அஞ்சம்மாளின் மோவாய்

பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணியாற்றுத் தண்ணீர் பாயும் சின்ன ஊர் ஒன்றில் தேசப்பன் என்று ஒரு விவசாயி இருந்தார். அவருடைய மனைவி அஞ்சம்மாள். அவளைப் பற்றி ஊரில் விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவள் கனாக்காரி. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாளானால், வயலின் மேல் நகர்ந்து போகும் மேக நிழலைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். சோறு அடிப்பிடித்த வாசனை தெருவுக்கு வந்த பிறகுதான் உள்ளே ஓடுவாள். இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அவளுடைய மோவாயில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

பெரிய புண் என்று சொல்ல முடியாது. மோவாயின் நடுவில் பாசிப்பயறு நுழையும் அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். கொஞ்ச நாள் பொருக்குத் தட்டி மூடியிருக்கும். சரி, தொலைந்தது என்று நினைக்கும்போது பொருக்கு விழுந்து சீழ் கசியும். மகள் மணியம்மாள் வயிற்றில் இருந்தபோது வந்தது, அவள் பிறந்து நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கிய பிறகும் போகவில்லை. பொன்னேரிக் கம்பவுண்டர் மஞ்சள் களிம்பு கொடுத்தார். மதராஸில் ஒரு தோல் டாக்டர் ஊசி போட்டார். யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை அரைத்துக் கட்டினாள். எதற்கும் அந்தக் குழி அடங்கவில்லை.

வீட்டில் தேசப்பனின் அக்கா கங்கம்மாவும் இருந்தாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். கெட்டவள் அல்ல, பயந்தவள். ஒரு நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அஞ்சம்மாளின் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் பின்கட்டு மாடத்தில் தனியாக வைத்தாள். அஞ்சம்மாளும் ஏன் என்று கேட்கவில்லை. அதன் பிறகு களத்துமேட்டில் அவள் கையால் மோர் வாங்கிக் குடிக்க ஆளில்லாமல் போயிற்று. குஷ்டத்துக்கு ஊரில் வழங்கும் பெருநோய் என்ற சொல்லை அவள் காதுபட ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவள் போய் நின்ற இடத்தில் பேச்சு சட்டென்று நிற்கும். அந்த அமைதிக்குள் அந்தச் சொல் இருப்பது அவளுக்குத் தெரியும்.

அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். முந்தானையை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தையைக் கைநீட்டித் தூக்குவாள், குளிப்பாட்டுவாள், சோறூட்டுவாள். முகத்தோடு முகம் வைக்கமாட்டாள். தூங்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்தை முகர்ந்து பார்ப்பது போலக் கற்பனை செய்துகொள்வாள். பால், வேப்பெண்ணெய், கொஞ்சம் மண். அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், புரட்டாசி அமாவாசைக்கு அவள் திருவள்ளூர் போனாள். வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ளது கரையும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் தனியாகத்தான் போனாள். வெல்லத்தைத் தண்ணீரில் விட்டு, அது பழுப்பு நூலாகப் பிரிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. மழை வந்து முதுகில் அறைந்த பிறகுதான் எழுந்தாள். ஓடிப்போய்த் தெருவில் முதலில் கண்ட வாசலில் ஒதுங்கினாள்.

அது ஒரு பல் டாக்டரின் அறை. டாக்டர் பெண்பிள்ளை, பெயர் கோமளவல்லி, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். மதராஸில் படித்துவிட்டு வந்து, தகப்பனார் வீட்டின் முன்னறையிலேயே நாற்காலியைப் போட்டுவிட்டாள். ஊரார் எச்சிலில் கை வைக்கிற தொழிலா என்று தெருவில் முணுமுணுப்பு இருந்தது. அவள் சாயந்தரம் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போவாள், அதற்குமேல் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

"உள்ள வந்து நில்லும்மா, நனையறே பார்" என்றாள் கோமளவல்லி.

அஞ்சம்மாள் முந்தானையைப் பிழிந்தாள். பிழிகிற நேரத்தில் மோவாய் வெளியே தெரிந்துவிட்டது. டாக்டர் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கிட்டே வந்தாள்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"தொடாதீங்க டாக்டரம்மா!" என்று அஞ்சம்மாள் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். "வோணாம். ஒட்டிக்கும்."

கோமளவல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இரண்டு விரலால் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். குளிர்ந்த, சோப்பு வாசனையடிக்கிற விரல்கள். அந்த இடத்தில் இன்னொருவர் கை பட்டு எவ்வளவு காலமாயிற்று! அஞ்சம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவள் இப்போது புண்ணைப் பார்க்கவில்லை, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ் முன்பல் ஒண்ணு சாம்பல் நிறமா இருக்கே. எப்பவாவது அடிபட்டுதா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அஞ்சம்மாள் யோசித்தாள். பிறந்த வீட்டுக் களம் ஞாபகம் வந்தது. போரடிக்கும்போது வைக்கோல் மேல் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை, சுற்றி வந்த மாடு தலையை ஆட்டியதில் கொம்பு இடித்துவிட்டது. அப்போது அவள் பெரியவளாகக்கூட ஆகவில்லை.

"மாடு இட்ச்சிடுச்சி. பல்லு ஆடிச்சி, அப்பால நின்னுடுச்சி. அது எப்பவோ!"

"நின்னுது. ஆனா அன்னிக்கே செத்துப்போச்சு" என்றாள் டாக்டர். பல்லைச் சின்னக் கம்பியால் தட்டினாள். சூடு வைத்துப் பார்த்தாள், மற்ற பல்லெல்லாம் கூசின, அது ஒன்றும் சொல்லவில்லை. பழைய எக்ஸ்ரே மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அதில் படம் எடுத்து, கழுவி, ஈரத்தோடு ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். மழை வெளிச்சத்தில் அஞ்சம்மாள் தன் பல்லின் வேரைப் பார்த்தாள். வேருக்கு நடுவே தலைமுடி மாதிரி ஒரு கோடு. வேரின் நுனிக்குக் கீழே மிளகளவு இருட்டு.

"பல்லுக்குள்ள ஒரு குழாய் ஓடும்மா, வேர் நுனி வரைக்கும். உயிர் இருக்கிற வரைக்கும் அதுல ரத்தம் ஓடும். செத்துப்போனா அது அழுகி, கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியேறிடும். அதுகளும், அதுக கக்கற நஞ்சும் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கும். அந்தச் சீழ் வெளில வர வழி தேடிண்டு, உன் மோவாயைத் துளைச்சிருக்கு. புண்ணு தோல்ல இல்லை. அதான் களிம்புக்குக் கேக்கலை."

"பல்லுப் பூச்சியா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். ஊருக்கு வருகிற குறத்தி ஒருத்தி காதில் புகை போட்டுப் பூச்சி எடுத்துக் காட்டியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"அந்தப் பூச்சி இல்லை. இதைக் காதுல புகை போட்டு எடுக்க முடியாது" என்று டாக்டர் சிரித்தாள். பிறகு நேராகவே சொன்னாள்: "பல்லைப் பிடுங்கினாலும் புண்ணு ஆறிடும். அது ஒரே நாள் வேலை. ஆனா வேர் நல்ல பலமா இருக்கு. குழாயைச் சுத்தம் பண்ணிக் காப்பாத்தலாம். நாலஞ்சு தடவை வரணும், பொறுமை வேணும். நீ சொல்லு."

அஞ்சம்மாள் மறுபடியும் அந்தப் படத்தைப் பார்த்தாள். செத்த பிறகும் இத்தனை வருஷம் வரிசை கலையாமல் நின்றிருக்கிறது.

"அது இன்னா தப்பு பண்ணிச்சி?" என்றாள். "இருக்கட்டும் டாக்டரம்மா."

அன்றைக்கே வேலை தொடங்கியது. கோமளவல்லி காலால் மிதித்து ஓட்டுகிற எந்திரம் வைத்திருந்தாள், தையல் மெஷின் மாதிரி. அதன் ரீங்காரம் பனந்தோப்பில் வண்டுகள் கூடியது போல அஞ்சம்மாளுக்குக் கேட்டது. செத்த பல் ஆனதால் வலியில்லை. கண்ணை மூடினாள். ஒரு வாய்க்கால் தெரிந்தது. ஆற்றிலிருந்து அவர்கள் வயலுக்கு வருகிற வாய்க்கால், ஆனால் பாசியும் சேறும் அடைத்துக் கறுத்துக் கிடந்தது. யாரோ ஒரு பெண் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, தலைமடையிலிருந்து கடைமடை நோக்கி, சேற்றை வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டே போகிறாள்.

பல்லின் பின்பக்கம் திறந்தபோது ஒரு நாற்றம் எழுந்தது. அஞ்சம்மாள் கூசிப்போனாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. மயிரிழை போன்ற ஊசிகளால் குழாயைச் சுரண்டினாள். ஒரு மருந்துத் தண்ணீரை விட்டு, அதன்மேல் இன்னொன்றை விட்டாள். நுரை பொங்கி அழுக்கை மேலே தள்ளியது. மறுபடி விட்டாள், மறுபடி பொங்கியது. கடைசியில் கற்பூரம் கலந்த ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டு உள்ளே வைத்து அடைத்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை வாயெல்லாம் கற்பூர வாசனை. சவுக்குத் தோப்புகள் ஈரத்தோடு பின்னால் போய்க்கொண்டிருந்தன. இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போன பிறகுதான் அவள் விழித்தாள்.

அடுத்த முறை போனபோது, டாக்டர் ஒரு மெல்லிய காகிதத் திரியைக் குழாய்க்குள் விட்டு எடுத்து, ஒரு கண்ணாடிக் குழலில் போட்டு மூடினாள். அதில் தேன் நிறத்தில் தெளிந்த நீர் இருந்தது.

"இன்னா டாக்டரம்மா அது?"

"கிருமிக்கு ஆகாரம். உள்ள ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தாலும் இதைத் தின்னு பெருகும், தண்ணி கலங்கிப்போகும். தெளிவாவே இருந்தா குழாய் சுத்தம்னு அர்த்தம். அப்பத்தான் பல்லை அடைப்பேன். அழுக்கை உள்ள வச்சு அடைச்சு என்ன பிரயோஜனம்?"

"ஆகாரம்னா?"

கோமளவல்லி உள்கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "மாம்சம் வேகவச்ச ரசம். மதராஸ் காலேஜ்லேர்ந்து வரது. எங்காத்துல மருந்துத் தண்ணின்னு சொல்லி வச்சிருக்கேன். நீ காட்டிக்கொடுத்துடாதே!"

அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நீர் கலங்கியது. அடுத்ததும் கலங்கியது. ஐப்பசி பிறந்து மழை வலுத்தபோது, வீட்டிலும் பேச்சு வலுத்தது.

"ஒத்தப் பல்லுக்காவ மாசக்கணக்கா பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கா" என்றாள் கங்கம்மா. "பொன்னேரில புடுங்கிப் போட்டா ஆச்சு."

தேசப்பன் வெற்றிலை மென்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. மனதில் உள்ளதைக் கேட்டால் பதில் என்ன வருமோ என்று பயந்தே பல வருஷம் பேசாமல் இருந்தவர்.

பிறகு ஒரு காலையில் அஞ்சம்மாள் எழுந்தபோது கீழ் உதடும் மோவாயும் பம்பளிமாஸ் போல வீங்கியிருந்தன. உடம்பு அனலாய்க் கொதித்தது. அவள் வாசலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துத் தேசப்பன் ஓடி வந்தார்.

"போதும்மே. அந்தப் பல்லு எனுக்கு வோணாம். வா பொன்னேரிக்கு, புடுங்கிடலாம்."

"பல்லு உன்து இல்ல, என்து" என்றாள் அஞ்சம்மாள். ஜுரத்தில் வந்த தைரியம். அப்படி அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. "டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போ. அவங்க புடுங்கணும்னா புடுங்கட்டும்."

பெரியபாளையத்துக்கிட்டே தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகிறது, பஸ் இல்லை என்றார்கள். தேசப்பன் அவளை ரயிலேற்றினார். பொன்னேரியிலிருந்து பேசின் பிரிட்ஜ் போய், அங்கே வண்டி மாறி, திருவள்ளூர். பஸ்ஸில் நேரே போகிற ஊருக்கு மதராஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்தப் பயணத்தில் எது நடந்தது, எது கனவு என்று அஞ்சம்மாளுக்குப் பிறகு எப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயலெல்லாம் ஏரியாகிக் கிடந்தது. தண்டவாளம் தெரியவில்லை, ரயில் தண்ணீரின் மேலேயே மிதந்து போனது. மீஞ்சூர் ஸ்டேஷன் ஒரு தோணி போல வந்து ஒட்டி, விலகிப் போனது. கொக்குகள் ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தன. எஞ்சின் புகை கற்பூரமாய் மணந்தது. அவள் வெள்ளத்துக்கு அடியில் நடந்தாள், அங்கே மணி உட்கார்ந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள், அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். யாரோ அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். அது மட்டும் கனவில்லை. தேசப்பனின் சட்டை அவள் எச்சிலாலும் சீழாலும் நனைந்திருந்தது, அவர் தோளை நகர்த்தவில்லை.

கோமளவல்லி பார்த்தவுடன் அடைப்பைத் திறந்தாள். உள்ளே தேங்கியிருந்தது பீறிட்டு வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே அஞ்சம்மாளின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. மருந்துத் தண்ணீர் விட்டு அலசி, பென்சிலின் ஊசி போட்டாள்.

"சில சமயம் இப்படிக் கிளம்பும். கிருமி நுனிக்கு வெளில கொஞ்சம் போயிருக்கு" என்றாள். பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினாள். "பிடுங்கறதுன்னா இப்பவே பிடுங்கித் தரேன். தப்பில்லை. ஆனா நான் இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கறேன்னு கேக்கறேன்."

தேசப்பன் மேஜையில் இருந்த கலங்கிய கண்ணாடிக் குழலைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் மாவு போல ஏதோ படிந்து சுழன்றது.

"இது அவ பல்லுல இருந்து வந்ததா?"

"ஆமா."

அவர் தொண்டையைச் செருமினார். ஒரு தரம் மனைவியைப் பார்த்தார். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"அப்ப... பெருநோயி இல்லீங்களா?"

கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தாள்.

"யார் சொன்னா?" என்றாள் கோமளவல்லி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பல்லோட வியாதி. யாருக்கும் ஒட்டாது. நான் இவ வாய்ல கையை விட்டுண்டு நிக்கறேனே, தெரியலையா? இத்தனை வருஷம் இதையா மனசுல வச்சிண்டிருந்தேள்?"

தேசப்பன் குழலை மெதுவாக மேஜையில் வைத்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த அஞ்சம்மாளின் மூடிய கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

திருவள்ளூர் ஸ்டேஷனில் அவர் ஒரு டீ வாங்கி வந்தார். அவளுக்கு ஆற்றிக் கொடுத்தார். அவள் பாதி குடித்து, மீதி முடியவில்லை என்று கீழே வைத்தாள். அவர் அதை எடுத்துக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு வந்த தடவைகளில் எல்லாம் தேசப்பனும் கூடவே போனார். வேர் நுனிவரை மறுபடி சுரண்டி, மறுபடி பொங்க வைத்து, கற்பூர மருந்து மாற்றினாள் டாக்டர். மார்கழிப் பனியில் ஒரு நாள் போனபோது, கண்ணாடிக் குழலை ஜன்னலில் பிடித்துக் காட்டினாள். தேன் நிறம், தெளிவு. அடியில் காகிதத் திரி வெள்ளையாகக் கிடந்தது. ஒன்றுக்கு இரண்டாய் இருக்கட்டும் என்று அடுத்த முறையும் வைத்துப் பார்த்தாள், அதுவும் தெளிவு. அதற்குள் மோவாயில் பொருக்கு விழுந்து, அடியில் இளம் தோல் வந்திருந்தது. ரப்பர் மாதிரி ஒரு குச்சியைச் சூடாக்கிக் குழாயை நிறைத்து, பல்லை நிரந்தரமாய் அடைத்தாள்.

"அவ்ளோதான். போய்ட்டு வா" என்றாள் கோமளவல்லி. அஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று வீடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மணி வைக்கோலில் புரண்டுகொண்டிருந்தாள். அஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளைத் தூக்கினாள். கன்னத்தோடு கன்னம் வைத்தாள். பால் வாசனை போய்விட்டிருந்தது, குழந்தை வளர்ந்துவிட்டாள். வேர்வை, வைக்கோல் தூசு, எங்கிருந்தோ திருடித் தின்ற புளி. பழக்கமில்லாத குழந்தை முதலில் திமிறியது. பிறகு அம்மாவின் மோவாயில் இருந்த குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தது. அம்மா விடவில்லை.

கங்கம்மா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்தவளும் அல்ல. மாடத்தில் இருந்த தட்டையும் டம்ளரையும் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தாள். சில நாள் அஞ்சம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது, சில நாள் போதாததாக இருந்தது. ஊரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. எழுபதுகள் பிறந்து, மணி பள்ளிக்கூடம் போய், அஞ்சம்மாளுக்கு ஒரு மகனும் பிறந்த பிறகு, அந்தக் காலத்தை யாரும் பேசுவதில்லை. டாக்டரோடு பழக்கம் மட்டும் விடவில்லை. பச்சரிசியோ வெள்ளரிப்பிஞ்சோ எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போவாள், நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்து இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தடவை, நடவு சமயத்தில், கோமளவல்லி ஊருக்கே வந்தாள். பொன்னேரியில் ஒரு கல்யாணம், அதை முடித்துக்கொண்டு வந்திருந்தாள், பட்டுப்புடவையோடு. வயலெல்லாம் நீர் கட்டி, வானம் முழுக்கக் கீழே கிடந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள், மேகத்தின் மேல் பச்சைக் கோடு போடுகிற மாதிரி. நடுவில் அஞ்சம்மாள் பாட்டெடுத்தாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். டாக்டரைக் கண்டதும் பாட்டை நிறுத்தினாள்.

"டாக்டரம்மா! எறங்கி ஒரு நாத்து முடி நடுங்க!"

"எனக்குத் தெரியாதே!"

"தெரியாங்காட்டி இன்னா? எறங்குங்க!"

கோமளவல்லி அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு பட்டுப்புடவையை முழங்கால்வரை வரிந்து கட்டிக்கொண்டு, செருப்பை வரப்பில் விட்டு, சேற்றில் காலை வைத்தாள். குளிர்ச்சி கணுக்காலைப் பிடித்து இழுத்தது. அவள் நட்ட நாற்று மெல்லச் சாய்ந்து மிதந்தது. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள், அஞ்சம்மாள் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். யாரோ விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தார்கள். சேற்றுக்குள் நின்றபடியே டாக்டர் அடுத்த முடியை வாங்கக் கையை நீட்டினாள்.